முகத்தால் பேசுகிறவள்

அவளுக்குப் பேச்சு முதலில் கையில்தான் வந்தது. அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. பசித்தால் வீறிட்டு அழுவதைவிட அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி கையை ஆட்டுவதுதான் பலன் தரும் என்பதைத் தவழுகிற வயதிலேயே கண்டுபிடித்துவிட்ட கெட்டிக்காரி.

அப்பா ஒரு மரச்சாமான் பட்டறையில் மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுபவர். அம்மா சலவை நிலையத்தில் இஸ்திரி போடுபவர். காது கேளாதவர்கள் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் கூப்பிடத் தரையை ஓங்கி மிதிப்பார்கள். கதவு படாரென்று மூடும். பாத்திரம் உருளும். கீழ் வீட்டுக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்து கத்துவார். அவர் சொல்வதை மகள்தான் அப்பாவுக்குக் கையால் எடுத்துச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்றார்" என்பாள். அவர் சொன்னது அதைவிடப் பலமடங்கு காரமாக இருக்கும். தன் தொழிலில் தான் செய்த ஒரே கலப்படம் அதுதான் என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

சைகை மொழியில் கை பாதிதான். மீதிப் பாதி முகம். புருவம் ஏறினால்தான் கேள்வி கேள்வியாகும். கன்னம் உப்பினால்தான் பெரிய வீடு பெரிய வீடாகும். உதடு கோணினால்தான் கிண்டல் கிண்டலாகும். அவளுடைய முகம் சின்ன வயதிலேயே அப்படிப் பேசும். "இந்தப் பொண்ணு கையைக் கட்டிப் போட்டாலும் கதை சொல்லிடும்" என்று அப்பாவின் சிநேகிதர்கள் மூக்கின்மேல் விரல் வைப்பார்கள்.

அந்த முகத்தில்தான் பரு வந்தது. வயசுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருவதுதானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். இது அந்த ரகம் இல்லை. தொட்டால் உயிர் போகிற கட்டிகளாக, ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இரண்டு கிளம்பி, பள்ளிப் படிப்பு முடியும்வரை ஆட்டிவைத்துவிட்டுத்தான் போனது. போகும்போது இரண்டு கன்னங்களையும் குழி தோண்டிவிட்டுப் போனது. சில குழிகள் ஊசியால் குத்தியதுபோல ஆழம். சில, தண்ணீர் வடிந்த மணல்போல அகலமாய் மேடும் பள்ளமும். வகுப்பில் அவளுக்குச் 'சல்லடை' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சொன்னவர்களை அவள் முறைத்த முறைப்பில் பாதிப் பேர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. முகம் அதற்கும் உதவியது.

காது கேளாதோர் சங்கத்திலும் ஒரு பேர் வைத்தார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் சைகையில் ஒரு பேர் உண்டு. அப்பாவுக்குப் பெரிய காது. காதை இழுத்துக் காட்டினால் அது அப்பா. "சைஸ் மட்டும்தான், உள்ளே சரக்கு இல்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு வைத்த பேர், இரண்டு விரல்களால் கன்னத்தைப் பொட்டுப் பொட்டாகத் தொடுவது. முதல் தடவை அதைப் பார்த்ததும் அவள் வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா தரையை மிதித்து மிதித்துக் கதவைத் திறக்க வைத்தாள். "வழுக்கைத் தலைக்காரருக்கு வழுக்கைன்னு பேர். உங்க அப்பாவுக்குக் காது. நம்மாளுங்க கண்ணுல பட்டதைச் சொல்லுவாங்க. அதுல கேலி இருந்தா முகத்துல தெரியும். அவங்க முகத்தைப் பார்த்தியா?" என்று கையால் கேட்டாள்.

அவள் யோசித்துப் பார்த்தாள். கேலி இல்லைதான். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், அந்தப் பேரை ஒரு பட்டம்போல வைத்துக்கொண்டாள்.

படித்து முடித்துச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஆனாள். கோர்ட்டில் நின்றாள், ஆஸ்பத்திரிகளில் நின்றாள், பிரசவ அறையில்கூட நின்றாள். அப்புறம் தொலைக்காட்சியில் செய்தி நேரத்தில் ஓரமாக ஒரு சின்னக் கட்டத்துக்குள் நிற்கிற வேலை கிடைத்தது. முதல் நாளே அங்கே தகராறு. மேலேயிருந்து விழுந்த விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு குழியும் நிழல் கட்டிக்கொண்டு நின்றது. மேக்கப் போடுகிறவர் கன்னத்தில் சுவருக்குப் பூசுகிற மாதிரிப் பூசினார். ஒரு செய்தி முடிவதற்குள் அது வெடித்துக் கோடு கோடாகிவிட்டது.

தயாரிப்பாளர் வந்து பார்த்துவிட்டு, "மேடம், கையை எவ்வளவு வேணாலும் ஆட்டுங்க. முகத்தை மட்டும் கொஞ்சம் ஆட்டாம வச்சுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"உங்க செய்தி வாசிப்பாளரை மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசிக்கச் சொல்லுவீங்களா?"

"அதெப்படி?"

"அதேதான் இதுவும். என் முகம் நின்னா பார்க்கிறவங்களுக்குச் செய்தி நின்னுடும். விளக்கை வேணா இறக்கி வைங்க."

விளக்கை இறக்கி வைத்தார்கள். அன்றிலிருந்து பல வருஷம் அந்தக் கட்டம் அவளுடையதாக இருந்தது. பூச்சும் கீச்சும் இல்லாமல் நின்றாள். தெருவில் காது கேளாதவர்கள் அவளை நிறுத்தி, கன்னத்தை இரண்டு விரலால் தொட்டு, "நீதானே அது!" என்று பெருமையாகக் கேட்பார்கள்.

இப்படி இருந்தவள் நாற்பதை நெருங்கும்போது தோல் டாக்டரிடம் போனது, தனக்காக இல்லை. பேக்கரி அக்காவுக்காகப் போனாள்.

பேக்கரி அக்கா என்பவர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர். கேக்குகளுக்கு மேல் க்ரீமில் பூவும் கொடியும் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. வாயாடி என்று சொல்ல முடியாது, கையாடி என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது, அவருக்கும் கன்னம் முழுக்கப் பருத் தழும்பு. டாக்டரிடம் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கன்னத்தை இழுத்துப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்.

"லேசர் மட்டும் பண்ணினா உங்களுக்குப் பெருசாப் பலன் இருக்காது. மெத்தையில நடுநடுவே நூல் போட்டு இழுத்துக் கட்டியிருப்பாங்க, அங்கங்க குழி விழுந்திருக்கும், பார்த்திருக்கீங்களா? அதுக்கு மேல எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் குழி போகுமா? அடியில நூலை அறுக்கணும். உங்க தோலுக்கு அடியிலயும் நார் அப்படித்தான் இழுத்துப் பிடிச்சிருக்கு. மரத்துப்போக மருந்து போட்டு, ஒரு ஊசியை உள்ளே விட்டு அந்த நாரை அறுத்து விடுவேன். ரொம்ப ஆழமான குழியைச் சின்ன வட்டக் கத்தியால எடுத்துட்டு ஒரு தையல். அதெல்லாம் நல்லா ஆறின பிறகு லேசர். அது மேல்தோலைச் சமன் பண்ணும், உள்ளே புதுத்தோல் வளரத் தூண்டும்."

அவள் அதைக் கையில் சொல்லிக்கொண்டே வந்தாள். மெத்தை, நூல், இழுப்பு, அறுப்பு. 'அறுப்பது' என்று இரண்டு விரலால் காட்டும்போது தன் கன்னத்துக்கு அடியில் ஏதோ சுருக்கென்றது. இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் அழகு நிலையத்தில் வெறும் லேசரை வாங்கிக்கொண்டு, சில வாரம் பளபளத்து, பழையபடி ஆனதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"முழுசா மறைஞ்சுடுமா?" என்று பேக்கரி அக்கா கேட்டார்.

"மறையாது. மறைஞ்சுடும்னு சொல்றவங்களை நம்பாதீங்க. ஆனா நல்லாக் குறையும்" என்றார் டாக்டர். "லேசர் பண்ணும்போது கண்ணை மூடி மேல கவசம் வச்சுடுவோம். அந்த ஒளி கண்ணுல படக் கூடாது."

அதுவரை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த பேக்கரி அக்காவின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு மெதுவாகப் பேசின. "கண்ணை மூடினா மத்தவங்க இருட்டுல இருப்பாங்க. நான் எங்கயுமே இருக்க மாட்டேன். யார் என்ன பண்றாங்கன்னு தெரியாம முகத்துல சூடு வாங்கிட்டுக் கிடக்கணுமா? என்னால முடியாது."

டாக்டர் கட்டாயப்படுத்தவில்லை. "நீங்க சொல்றது நியாயம். இப்போதைக்கு எனக்கும் வழி தெரியல. யோசிக்கிறேன்" என்றார்.

வெளியே வந்ததும் பேக்கரி அக்கா இவள் பக்கம் திரும்பினார். "உன் கன்னத்தையும் காட்டியிருக்கலாம்ல?"

"அங்க நான் உனக்குக் காது. என் கன்னத்தை வீட்டுலயே வச்சுட்டுத்தான் வந்தேன்" என்றாள் இவள்.

ஆனால் வீட்டில் வைத்த கன்னம் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் தனியாகப் போய், அதே டாக்டர் முன்னால், இந்தத் தடவை தனக்காக உட்கார்ந்தாள்.

விஷயம் தெரிந்ததும் அம்மாவுக்குக் கோபம். "இந்த முகத்துக்கு என்ன குறை? இத்தனை வருஷமா உலகம் பேசினதை எல்லாம் இதைப் பார்த்துத்தானே நான் தெரிஞ்சுக்கிட்டேன்!"

"குறைன்னு போகலம்மா. ஆசைன்னு போறேன்."

அம்மா கையை உதறிவிட்டு எழுந்து போனாள். அப்பாவுக்கோ வைத்தியத்தைச் சொன்ன மாத்திரத்தில் உற்சாகம் பிறந்துவிட்டது. "பள்ளத்தை முதல்ல தூக்கி நிறுத்திட்டு, அப்புறம் உப்புத்தாள் போடறாங்க. சரியான வேலைதான். பாலிஷ் மட்டும் பாக்கி இருந்தா என்கிட்ட வரச் சொல்லு" என்றார்.

ஊசி வைத்த அன்று வலி பெரிதாக இல்லை. சத்தம்தான் அவளைக் கலக்கியது. ஊசி முனை தோலுக்கடியில் விசிறிபோல இப்படியும் அப்படியும் போகும்போது, காய்ந்த சருகை யாரோ மிதிப்பதுபோல நறநறவென்று கேட்டது. வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த நார்கள் அறுபடும் சத்தம். ஆழமான குழிகளில் சின்னச் சின்னத் தையல்கள் விழுந்தன.

வீட்டுக்கு வந்தபோது முகம் பூசணிக்காய்போல வீங்கி, அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. அதற்கப்புறம்தான் வேடிக்கை. புருவம் ஏறவில்லை, கன்னம் அசையவில்லை. கை மட்டும் பேசியது. "சாப்பிட்டியா?" என்று அவள் கேட்டால் அது கேள்வியாகவே வந்து சேரவில்லை. அம்மா கோபத்தையெல்லாம் மறந்து, "ஏன் இப்படி வெடுக்குன்னு பேசறே?" என்று நொடிக்கொரு தரம் கேட்டாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சுவரு பேசற மாதிரி இருக்கு!" என்றார். சிரித்தால் தையல் இழுக்கும் என்பதால் அவள் கண்ணால் மட்டும் சிரித்தாள். வீக்கம் வடிந்து முதல் தடவையாக ஒரு புருவம் சரியாக ஏறியபோது அம்மா கைதட்டிவிட்டாள்.

சில வாரங்கள் கழித்து லேசர். கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் கவசம் வைத்தார்கள். ஒரேயடியாக இருட்டு. இயந்திரம் டிக் டிக்கென்றது. கருகல் வாடை வந்தது. ஆனால் டாக்டரின் குரல் கூடவே இருந்தது. "இப்ப வலது கன்னம். சுள்ளுன்னு இருக்கும். பாதி முடிஞ்சது. மூச்சு விடுங்க. தாங்க முடியுதா?" அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கிடந்தாள். கிடக்கும்போதே புரிந்தது: இந்தக் குரலை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? இருட்டும் சூடும் கருகல் வாடையும்தான். பேக்கரி அக்கா பயந்தது வீண் பயம் இல்லை.

கவசத்தை எடுத்ததும் நர்ஸ் கண்ணாடியை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

"டாக்டர், நீங்க என்கிட்ட என்னென்ன சொன்னீங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதுக்கு?"

"அதையெல்லாம் கையில எழுத முடியுமான்னு பார்க்கணும்."

டாக்டருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எந்த இடம், எப்போது தொடங்கும், எவ்வளவு பாக்கி, நிறுத்தலாமா வேண்டாமா என்று இரண்டு பேரும் பேசிப் பார்த்தார்கள். ஒரு குரல் செய்கிற வேலை மொத்தமே அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் முடியாது.

பேக்கரியின் பின்கட்டில், மதிய இடைவேளையில், மாவு படிந்த மேசைக்கு இரண்டு பக்கமும் அவளும் பேக்கரி அக்காவும் உட்கார்ந்தார்கள். பேக்கரி அக்கா கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டார். இவள் அவர் முழங்கையில் ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று ஏதோ செய்துபார்த்தாள். அவருக்கு எதுவும் ஒட்டவில்லை. துண்டை அவிழ்த்து எறிந்தார்.

"தட்டை எண்ணிட்டு இருந்தா எனக்குத் தலை சுத்துது. இப்படி வை." தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இதுதான் என் முகம். விரல் பக்கம் நெத்தி. மணிக்கட்டுப் பக்கம் தாடை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கன்னம். அவங்க எங்க வைக்கப் போறாங்களோ அங்க நீ தொடு. முடிஞ்ச இடத்தைத் தேய்ச்சு விட்டுடு. பாக்கி எவ்வளவுன்னு எனக்கே தெரிஞ்சுடும்."

காலமெல்லாம் வட்டக் கேக்கின்மேல் எங்கே என்ன பூ என்று பார்த்துப் பழகியவர் அல்லவா! 'நிறுத்து' என்பதற்குப் பேக்கரி அக்கா இன்னொரு கை முஷ்டியைத் தூக்குவது என்று முடிவாயிற்று. "நடுநடுவுல ஊர்க்கதையும் சொல்லணும். சும்மா படுத்திருந்தா பயம் வந்துடும்" என்பது அவர் போட்ட கடைசி நிபந்தனை.

ஊசி வைக்கிற நாளில் கண்ணைக் கட்டவில்லை. ஆனால் வேறொரு சங்கடம். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்ததால் யார் முகமும் தெரியவில்லை. இவளுக்கு மட்டும் கண்ணாடிபோல ஒளி ஊடுருவுகிற மறைப்பைக் கொடுத்து, பேக்கரி அக்காவின் கண்ணில் படும்படி நிற்கவைத்தார் டாக்டர். வேலை தொடங்கியதும் பேக்கரி அக்காவின் கை எழுந்தது. ஏதோ ஒரு கல்யாணக் கேக் சரிந்து விழுந்த கதை.

"கையை ஆட்ட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"அது நம்மளை வாயை மூடச் சொல்ற மாதிரி, டாக்டர்."

"அப்போ ஊசி வெளியே இருக்கும்போது பேசச் சொல்லுங்க!"

அப்படியே நடந்தது. ஊசி உள்ளே போனால் மௌனம், வெளியே வந்தால் கதை. கேக் விழுந்து முடிவதற்குள் வலது கன்னம் முடிந்துவிட்டது. நறநறவென்ற அந்தச் சத்தத்தைப் பேக்கரி அக்கா கேட்கவில்லை. ஆனால் எலும்பு வழியாக உணர்ந்திருக்கிறார். "உள்ளே யாரோ சர்க்கரைப் பாகு கட்டியை உடைக்கிறாங்க" என்றார்.

கன்னம் ஆறி, லேசருக்கான நாள் வந்தது. அறையில் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். கவசத்தை வைப்பதற்கு முன் பேக்கரி அக்கா இவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார்.

டாக்டர் வாயால் சொல்ல, இவள் விரலால் எழுதினாள். வலது கன்னம். தொடங்குகிறது. முடிந்தது, தேய்த்தாயிற்று. மூக்கோரம். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவரின் கை முதலில் மரக்கட்டைபோல விறைத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இடையிடையே கீழ் வீட்டுக்காரர் கதையை எழுத்து எழுத்தாக எழுதினாள். அவர் உதடு லேசாக வளைந்தது.

இடது கன்னத்துக்குப் போகும்போது முஷ்டி உயர்ந்தது.

டாக்டர் அந்த நொடியே இயந்திரத்தை நிறுத்தினார். நர்ஸ் பதறிப்போய்க் கவசத்தை எடுத்தார். எல்லோரும் குனிந்து பார்க்க, பேக்கரி அக்கா நிதானமாகக் கையைத் தூக்கிச் சொன்னார்.

"என்ன ஆச்சு? என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

"மூக்கு அரிக்குதாம்."

அறையே சிரித்தது. நர்ஸ் சுத்தமான துணியால் மூக்கைத் துடைத்துவிட்டார். பேக்கரி அக்கா தானாகவே கண்ணை மூடிக்கொண்டார், தொடருங்கள் என்று. நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் முஷ்டியைத் தூக்கினாரோ என்று இவளுக்கு இன்றைக்கும் சந்தேகம். கேட்டால் சிரிப்பாரே தவிரச் சொல்ல மாட்டார்.

இருவருக்கும் சில மாத இடைவெளியில் இன்னும் சில தடவை லேசர் நடந்தது. டாக்டர் முதல் நாள் சொன்னதுபோலவே தழும்பு அடியோடு போய்விடவில்லை. குழிகள் மேலெழுந்து, ஓரம் மழுங்கி, கிட்டத்தில் வந்து பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்தன. சங்கத்தில் உடனே ஒரு கேள்வி கிளம்பியது: இவள் பேரை மாற்ற வேண்டாமா? வழுக்கைத் தலைக்காரர்தான் ஆரம்பித்தார். "நீங்க விக் வச்சா உங்க பேரை மாத்துவோமா?" என்று அவள் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டாக்டர் அதோடு விடவில்லை. ஒருநாள் போன் செய்தார். "எங்க ஆஸ்பத்திரி நர்ஸுங்க எல்லாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கணும். தோலுக்கு மட்டும் இல்ல. கண் ஆபரேஷன், பல், ஸ்கேன் எல்லா இடத்துலயும் வேணும். நீங்களும் பேக்கரி மேடமும் வரணும்."

பெரிய கூடம். வரிசையாக நர்ஸுகள், டாக்டர்கள். மேடை நடுவில் ஒரு படுக்கை. முன்னால் நின்று பேக்கரி அக்கா கையால் பேச, இவள் குரல் கொடுத்தாள். "என் கையை உங்களுக்கு முகமாத் தர்றேன். அதுல பொய் மட்டும் சொல்லாதீங்க. முடிஞ்சதுன்னா முடிஞ்சிருக்கணும்."

"யாராவது வந்து படுங்க. காதை அடைச்சு, கண்ணைக் கட்டிடுவோம்" என்றாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, தோல் டாக்டரே செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். காதில் பஞ்சு, கண்ணில் துணி. உள்ளங்கையை நீட்டினார். நீட்டிய கை விறைத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. பேக்கரி அக்கா அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் நெற்றி இருக்கும் பக்கத்தை விரலால் தொட்டார்.

கடைசி வரிசையில் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கண் மேடையைவிட்டு அகலவே இல்லை. பேசுவது பேக்கரி அக்கா, குரல் தன் மகளுடையது. அந்தக் குரலை அம்மா வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனால் மகள் வாய் திறக்கத் திறக்க முன்னால் இருந்த தலைகள் எல்லாம் நிமிர்வதையும், பேனாக்கள் ஓடுவதையும், படுக்கையில் இருந்தவரின் கை இளகுவதையும் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத நர்ஸின் தோளைத் தட்டினாள். மேடையைக் காட்டினாள். பிறகு தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

அந்த நர்ஸுக்குச் சைகை மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இருந்தும், "உங்க பொண்ணா!" என்று புருவத்தை ஏற்றி, கண்ணை அகலமாக விரித்துக் கேட்டார்.

அந்தப் புருவம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள்.